எழுதின கை

அத்தியாயம் பதினொன்று

ஹில்மா கணவனுக்குச் சட்டைப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுவிடுவாள். கழுத்துப் பொத்தான் கடைசியில் வரும். அப்போது ஆர்வோவின் முகம் அவள் முகத்துக்கு அருகில் இருக்கும். அன்றைய நாள் எப்படிப் போகும் என்று அவன் கண்களைப் பார்த்தே தெரிந்துகொள்வாள்.

இன்றைக்கு அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"தூங்குறியா, தப்பிக்கப் பாக்குறியா?"

"ரெண்...டும்."

சமையலறையிலிருந்து மகள் தைமி சிரிப்பது கேட்டது. ஏலக்காய் போட்ட புல்லா ரொட்டியைச் சூடாக்கிக்கொண்டே, காதை இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

"அப்பா, இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க. அம்மா எனக்கு ஸ்கூல் பாட்டு சொல்லிக்கொடுத்த மாதிரி உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. பரிசு வாங்கணும்ல?"

"தைமி, சும்மா இரு."

ஆர்வோ மூச்சை இழுத்துப் பிடித்தான். "எழு...தின கை... இது."

மூன்றே சொற்கள்தான். ரசிகர் மாநாட்டில் எடுக்க வேண்டிய சத்தியத்துக்காக மூன்று வாரமாகப் பழகிய சொற்கள். முன்பெல்லாம் இரும்புத்தாதுக் கப்பல் துறையில் பளுதூக்கி ஓட்டிவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் நாலு பக்கம் எழுதிவிடும் மனிதன். பனிவெளித் தொர்வாக்கின் கதையைத் தொடர்ந்து எழுத, நாடு முழுக்கத் தேடி நியூயார்க் பதிப்பகம் கண்டுபிடித்த கை அவனுடையது. தொர்வாக்கைப் படைத்த லெமுவல் ட்ரஸ்க் இளம் வயதில் செத்துப்போய், வாளோடும் சூனியத்தோடும் மல்லுக்கட்டிய அந்தக் காட்டுவீரன் பழுப்பேறிய பத்திரிகைகளுக்குள் புதைந்துகிடந்தான். அவனை எழுப்பி நான்கு நாவல்களில் நடக்கவிட்டவன் ஆர்வோ லெஹ்தோ.

பிறகுதான் போன வருடக் குளிர்காலம் வந்தது. ஆர்வோ பக்கவாதம் வந்து விழுந்த காலையில் டுலூத் நகரத்து மேட்டுத்தெரு பூராவும் கண்ணாடியாக உறைந்திருந்தது. ஆம்புலன்ஸ் மேடேற முடியாமல் கீழேயே நின்றுவிட்டது. ஹில்மா அவனைப் படுக்கை விரிப்பால் முதுகோடு கட்டிக்கொண்டு, ஓடி வந்த தைமியைக்கூடத் தொடவிடாமல், அடி அடியாக இறங்கினாள். உயிர் மிஞ்சியது. வலது கையும் பெரும்பாலான சொற்களும் திரும்பவில்லை.

அப்போது ஐந்தாவது நாவலில் ஓர் அத்தியாயம்தான் முடிந்திருந்தது.

மீதியை யார் எழுதியது என்று இந்த வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும். வெளியே ஒருவருக்கும் தெரியாது.

மருத்துவமனையிலிருந்து வந்த முதல் வாரமே ஆர்வோ அவளிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தான். அன்று அவனுக்கு இருந்த சில சொற்களில் ஒன்று "சொல்லாதே." ஒப்பந்தம் அவன் பெயரில். அவனால் எழுத முடியாது என்று தெரிந்தால், சிகாகோவில் காத்துக்கொண்டிருக்கும் வேறொரு எழுத்தாளனுக்குத் தொர்வாக் போய்விடுவான். அவள் தலையசைத்தாள். அது தனக்கும் வசதியாக இருந்தது என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

"அந்தப் பதிப்பகத்து ஃபிங்க் இன்னைக்கு எதுக்கு நேர்ல வர்றார்?" தைமி ரொட்டித் தட்டை வைத்தாள். "நியூயார்க்ல இருந்து யாராவது மார்ச் மாசத்துல இந்த ஊருக்கு வருவாங்களா? ஏரியே இன்னும் உறைஞ்சு கிடக்கு."

"அடுத்த ரெண்டு புத்தகத்துக்கு ஒப்பந்தம் கொண்டுவர்றார். மாநாட்டுல அப்பாவைப் பாத்துட்டு, கையெழுத்து வாங்கிட்டுப் போவார்."

"எந்தக் கையால?"

ஆர்வோ இடது கையால் ரொட்டியைப் பிய்த்துக் காப்பியில் முக்கினான்.

"நீ எழுதினேன்னு சொன்னா என்னம்மா ஆயிடும்? வானம் இடிஞ்சா விழும்?"

"தொர்வாக் நம்ம வீட்டை விட்டுப் போயிடுவான்."

"அப்பா போயிடுவாரோன்னுகூட நீ இப்படிப் பயந்தது இல்ல."

தைமி கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் ஹில்மா காப்பிக் கோப்பையைத் தேவைக்கு மேல் நேரமெடுத்துக் கழுவினாள். அவள் பயப்படுவது மாட்டிக்கொள்வதற்கு அல்ல. புத்தகம் கடைக்கு வந்த அன்று, பேருந்து நிலையத்துக் கம்பி அலமாரியில் அதைப் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காதபோது அட்டையில் ஆர்வோவின் பெயரை விரலால் மூடிப் பார்த்தாள். ஒரு விநாடிதான். உடனே கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்த விநாடிக்குத்தான் அவள் பயந்தாள்.

*

ஏரிக்கரை ஹோட்டலின் கூடம் முழுக்கத் தாடியும் விலங்குத்தோல் வேஷமுமாக இருந்தது. ரசிகர் மாநாட்டின் இரண்டாம் நாள் மதியம் எப்போதும் தொர்வாக் சபைக்குத்தான். புதுப் புத்தகம் எழுதியவரைக் கூண்டில் நிறுத்தி விசாரிப்பார்கள். ட்ரஸ்க்கின் தொர்வாக்குக்கு அவர் ஏதாவது துரோகம் செய்திருந்தால் அங்கேயே தீர்ப்பு. விளையாட்டு என்றுதான் பெயர். ஆனால் இடையில் ஒரு தொர்வாக் கதை எழுதித் தண்டனை வாங்கிய ஓர் எழுத்தாளர் அதற்கப்புறம் தொர்வாக்கைத் தொடவே இல்லை. தொடப் பதிப்பகமும் விடவில்லை.

வாசலில் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு ஒருவர் வணக்கம் சொன்னார். ஆர்வோ நின்றுவிட்டான்.

"கொம்...பு... கிடை...யாது."

"அப்பா என்ன சொல்றார்னா," தைமி விளக்கினாள், "தொர்வாக் கொம்பு வெச்சுக்க மாட்டான். அது மாட்டுக்குத்தான்னு சொல்றார்."

"அவர் அவ்வளவு சொல்லலையே!"

"சொல்ல நினைச்சார்."

கொம்புக்காரர் சிரித்துக்கொண்டே கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆர்வோவைப் பார்த்ததும் கூடத்தில் பலர் எழுந்து நின்றார்கள். ஹில்மா அவனுடைய இடது முழங்கையைப் பிடித்திருந்தாள். அவன் நடை நிமிர்வதை அவள் உள்ளங்கை உணர்ந்தது. நாலு புத்தகம் எழுதியவன். இந்த மரியாதை அவனுக்குக் கிடைக்க வேண்டியதுதான். இதை அவனிடமிருந்து எடுக்க நான் யார்?

பின்வரிசையில் பெர்னார்ட் ஃபிங்க் உட்கார்ந்திருந்தார். மடியில் தோல்பை. அவருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட வயதான பெண்மணி ஒருத்தி, கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தாள்.

மேடை மேசையின் நடுவில் மரவாள் கிடந்தது. முதல் மாநாட்டில் யாரோ செதுக்கியது. ஒவ்வொரு வருடமும் விடுதலை ஆனவர்கள் அதன் அலகில் மையால் பெயர் எழுதுவார்கள். ஆர்வோ லெஹ்தோ என்று நான்கு இடத்தில் இருந்தது.

அட்டைக் கிரீடம் வைத்த நீதிபதி ஊரறிந்த தபால்காரர். குற்றம் சாட்டுபவர் வெர்ன் ஸ்டாக்கி, பல் வைத்தியர். நரித்தோல் அங்கிக்குள் அவர் வயிறு அடங்கவில்லை.

"போன கோடையில என் கடைவாய்ப்பல்லைப் புடுங்கினவர்," தைமி அம்மாவின் காதில் சொன்னாள். "இவர் கேட்டா எல்லாரும் வாயைத் திறந்துதான் ஆகணும்."

ஹில்மா ஆர்வோவை மேடையேற்றி, மேசைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, திட்டப்படியே பேசினாள். "ஆர்வோவுக்குத் தொண்டை சரியில்ல. சத்தியத்தை அவர் சொல்வார். கேள்விக்கு அவர் சார்பா நான் பதில் சொல்றேன். சபை அனுமதிக்கணும்."

"அனுமதிச்சாச்சு," என்றார் நீதிபதி. "ஆர்வோ, உனக்கு வழக்கம் தெரியும். எழுதின கையை வாள் மேல வை. வெச்சுட்டுச் சொல்லு."

எழுதின கை. வலது கை. வீட்டில் பழகியது இடது கையால்.

ஆர்வோ வாளைப் பார்த்தான். இடது கையால் தன்னுடைய செத்துப்போன வலது கையைத் தூக்கினான், தூங்கும் பூனையைத் தூக்குவது மாதிரி. வாளுக்கு மேலே கொண்டுபோனான். மரத்தைத் தொட ஒரு விரல்கடை இருக்கும்போது நின்றுவிட்டான்.

ஹில்மா உதடு அசையாமல் சொன்னாள். "வை, ஆர்வோ."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஆர்வோவின் கண்கள் அந்த நான்கு பெயர்களின் மேல் இருந்தன. எழுத்தாளன் ஆவதற்கு முன்னால் அவன் ரசிகன். பதினாறு வயதில் ட்ரஸ்க்கின் கதைகளைப் பழைய புத்தகக் கடையில் பிடித்து, கப்பல் துறையில் மதிய இடைவேளையில் சத்தமாகப் படித்துக்காட்டியவன். அந்த வாள் மற்றவர்களுக்கு விளையாட்டுப் பொருளாக இருக்கலாம். அவனுக்கு அல்ல. ஹில்மாவுக்கு அது தெரியும். தெரிந்தும் மூன்று வாரம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தான் போட்ட கணக்கு எங்கே பிசகியது என்பது அவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. யாரிடம் வேண்டுமானாலும் மறைப்பான். தொர்வாக்கின் வாளிடம் மறைக்கமாட்டான்.

ஆர்வோ வலது கையை மெதுவாகத் தன் மடிக்குத் திரும்பக் கொண்டுவந்து வைத்தான். பிறகு இடது கையை நீட்டி ஹில்மாவின் வலது மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேண்டாம்," என்றாள் அவள். "நீதானே சொல்லாதேன்னு..."

அவன் பிடி இறுகியது. பளுதூக்கியின் நெம்புகோலை இருபது வருடம் பிடித்த கைக்கு ஜோடிக் கை. அவள் உள்ளங்கையைக் கொண்டுபோய் வாளின் மேல் பதித்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டான்.

நீதிபதியின் கிரீடம் சரிந்திருந்தது. "ஆர்வோ, இது யார் கை?"

"எழு...தின கை," என்றான் ஆர்வோ, "இது."

பழகிய அதே மூன்று சொற்கள்.

கூடத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. ஃபிங்க் எழுந்து நிற்பது தெரிந்தது. ஹில்மா அவரைப் பார்க்கவில்லை. மரம் அவள் கையின் கீழ் வழுவழுப்பாக, அவள் நினைத்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. இப்போது கையை இழுத்துக்கொள்ளலாம். கணவருக்கு உடம்பு சரியில்லை, குழம்பிப்போய்விட்டார் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லோரும் நம்புவார்கள். அந்த வாக்கியம் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் ஆர்வோ இந்தச் சபையில் புத்தி தடுமாறியவன் ஆகிவிடுவான்.

"எழுதின கை இது," என்றாள் ஹில்மா. அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "முதல் அத்தியாயம் ஆர்வோ. மிச்சம் நான்."

*

வெர்ன் ஸ்டாக்கிக்குச் சில நிமிடம் தேவைப்பட்டது. அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

"சபைக்கு ஒரு சந்தேகம். தட்டச்சு செஞ்சதைச் சொல்றீங்களா, எழுதினதைச் சொல்றீங்களா?"

"நாலு புத்தகம் தட்டச்சு செஞ்சேன். ஒரு புத்தகம் எழுதினேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும் டாக்டர். முதல் வேலையில முதுகு வலிக்கும்."

"ரெண்டாவதுல?"

"ரெண்டாவதுல வலிக்கிற இடம் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். ஆனால் முன்வரிசையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, "அதான் கதையில ஒரு மாதிரி இருந்துச்சு" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்வதும் கேட்டது. ஹில்மாவின் காது சுட்டது. ஒரு மாதிரி. புத்தகம் வந்து இரண்டு மாதமாக யாருக்கும் ஒரு மாதிரி இருக்கவில்லை.

"அப்ப குற்றச்சாட்டும் உங்க மேலதான்," என்றார் வெர்ன். குரலில் கேலி போய்விட்டது. புத்தகத்தைப் பிரித்தார். "பனிக்கடலின் அரசன், கடைசிக்கு முந்தின அத்தியாயம். தொர்வாக் உறைஞ்ச கடல்ல நிக்கிறான். பின்னால சூனியக்காரியோட படை வருது. அவன் என்ன செய்யணும்? திரும்பி நின்னு வாளை உருவணும். நம்ம தொர்வாக் என்ன செய்றான்? அடிபட்டுக் கிடக்கிற எதிரி ராஜாவை முதுகுல தூக்கிட்டு, படைக்கு முதுகைக் காட்டிட்டு நடக்கிறான். லெமுவல் ட்ரஸ்க் எழுதின ஒரு கதையிலயாவது தொர்வாக் முதுகு காட்டியிருக்கானா? இல்ல. இது தொர்வாக் இல்ல. தொர்வாக் வேஷம் போட்ட வேற யாரோ."

மேசைகளில் முணுமுணுப்பு. இந்த வேலைக்கு இருக்கும் முதல் சட்டமே அதுதான். தொடர்ந்து எழுதுகிறவன் வீரனை வாங்கினபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். கல்யாணம் செய்துவைக்கக்கூடாது, சிம்மாசனத்தில் உட்காரவைக்கக்கூடாது, ஒரு விரல்கூடக் குறையக்கூடாது. அடுத்து எழுத வருகிறவனுக்கு அவன் முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.

"பதில் சொல்லலாம்," என்றார் நீதிபதி. "விதி தெரியுமில்ல? ஆதாரம் ட்ரஸ்க் எழுதினதுல இருந்துதான் வரணும். எனக்குத் தோணுச்சுன்னு சொன்னா இங்க செல்லாது."

ஹில்மா வெர்ன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

அவளிடம் இருந்தது ஒரே ஓர் ஆதாரம். ஒரு மேட்டுத்தெரு, காதில் ஆர்வோவின் ஈரமான மூச்சு. அந்த அத்தியாயத்தை எழுதும்போது அவள் எதையும் யோசிக்கவில்லை. கால் தானாக இடம் தேடியது. எழுதி முடித்துப் படித்துக்காட்டினாள். பிடிக்காவிட்டால் இரண்டு முறை மேசையைத் தட்டுவதும் பிடித்தால் ஒரு முறை தட்டுவதும் ஆர்வோவின் வழக்கம். அன்று அவன் தட்டவே இல்லை. கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் புரிந்தது என்று அவள் எடுத்துக்கொண்டாள். ட்ரஸ்க்கில் இதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை.

"சபை காத்துக்கிட்டிருக்கு," என்றார் வெர்ன், கொஞ்சம் மென்மையாகவே.

"ஓ..." என்றது ஒரு குரல்.

ஆர்வோ. முகம் சிவந்திருந்தது. சொல் தொண்டையில் குறுக்காக மாட்டியிருந்தது. "ஓ... ஓ..."

"அப்பாவுக்குத் தண்ணி வேணுமா?" யாரோ கேட்டார்கள்.

"தண்ணி இல்ல," என்றாள் தைமி. "கொஞ்சம் பொறுங்க. அவர் சொல்வார்."

"ஓ...நாய்," என்றான் ஆர்வோ. இடது கையால் தன் தோளுக்குப் பின்னால், முதுகில் ஓங்கி அறைந்துகொண்டான். மறுபடியும் அறைந்தான். "ஓநாய்!"

ஹில்மாவுக்குள் ஒரு கதவு திறந்தது.

"மூணாவது கதை," என்றாள். "கறுப்புக் கோபுரத்து விருந்து. ராஜா தொர்வாக்கைப் பார்த்து, நீ யார் மகன்னு கேக்குறான். அப்பன் பேர் தெரியாத பயல்னு அவனை அவமானப்படுத்தத்தான் கேக்குறான். தொர்வாக் என்ன பதில் சொல்றான், டாக்டர்?"

வெர்ன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் எல்லோரும் அந்தக் கதையில் அடுத்து வரும் வாட்சண்டைக்காக அந்த வரியைத் தாண்டிப் போனவர்கள்.

ஹில்மா சொன்னாள்: "'ஓநாய்கள் பின்தொடர, என்னை முதுகில் கட்டிக்கொண்டு பனியைக் கடந்தவளின் மகன் நான்.'"

முன்வரிசையில் கையைக் கட்டியிருந்தவர் கையைப் பிரித்தார்.

"தொர்வாக்கோட பரம்பரையில முதல்ல முதுகு காட்டினது அவன் அம்மா," என்றாள். "அவ திரும்பி நின்னு சண்டை போட்டிருந்தா நமக்குத் தொர்வாக்கே கிடையாது. நீங்க இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டீங்க. அந்த நரித்தோலுக்கும் வேலை இருந்திருக்காது."

சிரிப்பு வெடித்தது. வெர்ன் விடவில்லை, அவர் நேர்மையான எதிராளி. "ஒரே ஒரு கேள்வி. முதுகுல தூக்கினா அம்பு ராஜா மேலதானே படும்? முன்னால தூக்கியிருந்தாத்தானே வீரம்?"

"ராஜா முதுகுல கேடயத்தைக் கட்டிட்டுத்தான் கிளம்பினான். அதே பக்கத்துல மேல இருக்கு, பாருங்க. முன்னால தூக்கினா கால் எங்க வைக்கிறோம்னு தெரியாது, டாக்டர். பனியில கால் தெரியணும். ஒருத்தர் வழுக்கினா ரெண்டு பேரும் போயிடுவாங்க."

"இது ட்ரஸ்க்ல எங்க இருக்கு?"

"எங்கேயும் இல்ல," என்றாள் ஹில்மா. "இது எங்க வீட்டுத் தெரு."

ஊர்க்காரர்கள் பலருக்கு அந்தக் காலை நினைவிருந்தது. மேட்டின் அடியில் ஆம்புலன்ஸ் விளக்கு சுற்றிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களும் அங்கே இருந்தார்கள். தபால்காரர் கிரீடத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

வெர்ன் ஸ்டாக்கி புத்தகத்தை மூடினார். தன் பீர்க் குவளையை எடுத்தார். ஓங்கி மேசையில் ஒரே குத்து; சபையில் விடுதலைக்கு அதுதான் அடையாளம். நுரை நரித்தோலில் தெறித்தது.

அதற்கப்புறம் குவளைகளின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தைமி நாற்காலிமேல் ஏறி நின்று இரண்டு கையாலும் விசிலடித்தாள். அவளை இறங்கச் சொல்ல ஹில்மாவுக்குத் தோன்றவில்லை. ஆர்வோ இடது கையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு முறை தட்டி நிறுத்தினான். பிறகு மறுபடியும் ஒரு முறை. கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக் கை மிச்சம் இல்லை. அவனுக்குத் துடைக்கும் எண்ணமும் இல்லை. நான்கு புத்தகத்துக்கும் அவன் முகம் இப்படி இருந்து அவள் பார்த்ததில்லை.

*

கூட்டம் கலையும்போது ஃபிங்க் வந்தார். தோல்பையை இன்னும் திறக்கவில்லை.

"இவ்வளவு நாளா என்கிட்ட மறைச்சிருக்கீங்க."

"மறைச்சது நான். ஆர்வோ மேல போடாதீங்க."

"ஃபோன்ல, அவர் குளிக்கிறார், குளிக்கிறார்னே சொன்னீங்க. உலகத்துலயே சுத்தமான எழுத்தாளர்னு ஆபீஸ்ல பேசிக்குவோம்." அவர் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "பாருங்க, எனக்குப் புத்தகம் பிடிச்சுது. யார் எழுதினா என்னன்னு நான் சொல்லிடுவேன். ஆனா முடிவு என் கையில இல்ல. தொர்வாக்கோட உரிமை வேற ஒருத்தர்கிட்ட இருக்கு. அவங்க இதுவரைக்கும் எந்த மாநாட்டுக்கும் வந்ததில்ல. இந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டு, நானும் வரேன்னு அவங்களா கேட்டாங்க."

அவர் பின்வரிசையைக் காட்டினார். சாம்பல் நிறக் கோட்டுக்காரி. அவள் முன்னால் காப்பிக் கோப்பை, நிறைந்தபடி. எல்லோரும் மேசையைக் குத்தியபோது குத்தாத ஒரே கோப்பை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"மிஸ் அடெலா ட்ரஸ்க்," என்றார் ஃபிங்க். "லெமுவலோட தங்கச்சி."

ஹில்மாவின் கையில் பேனா இருந்தது. வாளின் அலகில் ஆர்வோவின் நான்காவது பெயருக்குக் கீழே அப்போதுதான் எழுதியிருந்தாள். ஹில்மா லெஹ்தோ. மை இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தன் உடம்பால் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பழைய பழக்கம் சொன்னது. அவள் நகரவில்லை.

அடெலா ட்ரஸ்க் நிதானமாக நடந்துவந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்திருந்தாள். வாளைப் பார்த்தாள், பெயரைப் படித்தாள், ஆர்வோவைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு ஹில்மாவிடம் திரும்பினாள்.

"அந்த ஓநாய் வரி. மனப்பாடமா வெச்சிருக்கீங்க."

"என் வீட்டுக்காரருக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. எனக்கு அதுக்கப்புறம்தான்."

"இத்தனை வருஷத்துல அந்த வரியை ஒருத்தரும் என்கிட்டச் சொன்னதில்ல. வாள் பத்திக் கேப்பாங்க, பாம்பு பத்திக் கேப்பாங்க." குரலைத் தாழ்த்தினாள். ஆர்வோவும் ஹில்மாவும் மட்டும் கேட்கும் அளவுக்கு. "அண்ணன் எழுதித் தருவார், நான் தட்டச்சு செய்வேன். அவர் எழுதினதுல ராஜா அந்தக் கேள்வியைக் கேப்பான். தொர்வாக் பதிலே சொல்ல மாட்டான், சிரிப்பான். அவ்வளவுதான் இருந்துச்சு."

ஹில்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது ஆர்வோவின் கை அவள் முழங்கையைத் தேடி வந்து பற்றியது.

"அப்பன் பேரைக் கேட்டு அவமானப்படுத்துறான், இவன் சிரிச்சுட்டுப் போறானேன்னு எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு," என்றாள் அந்த முதியவள். "எனக்கு அப்ப பதினேழு வயசு. தட்டச்சு செய்யும்போது அந்தப் பதிலை நானே சேத்துட்டேன். அண்ணன் அச்சுல பாத்தார். ஒண்ணும் கேக்கல. நானும் சொல்லல."

கொஞ்ச தூரத்தில் வெர்ன் ஸ்டாக்கி யாருக்கோ அந்த வரியைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார். ட்ரஸ்க்கின் மிகச் சிறந்த வரி என்று அடித்துச் சொன்னார். தீர்ப்பு அந்த ஒரு வரியின் மேல் நின்றுகொண்டிருந்தது. அடுத்த இரண்டு புத்தகங்களும் அதன் மேல்தான் நிற்கும். இவள் இதை ஏன் இப்போது, என்னிடம் சொல்கிறாள்? தொர்வாக்கைத் திருப்பி வாங்கிக்கொள்ள வந்திருக்கிறாளா, கொடுக்க வந்திருக்கிறாளா?

கேட்டிருக்கலாம். ஹில்மா கேட்கவில்லை. வாளின் அலகில் தன் பெயருக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த மரத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பேனாவை, முள் தன் பக்கம் இருக்கும்படி திருப்பி, அடெலா ட்ரஸ்க்கிடம் நீட்டினாள்.

அவள் அதை உடனே வாங்கவில்லை. ஃபிங்க் தொண்டையைச் செருமினார்.

அடெலா ட்ரஸ்க் அவர் பக்கம் திரும்பாமல், இரண்டு கையாலும் பிடித்திருந்த கைப்பையைக் கீழே தரையில் வைத்துவிட்டு, பேனாவுக்காக வலது கையை நீட்டினாள்.